ஏர் ஏறவில்லை

நாற்பதடிப் பெட்டி நிறையக் கரூர்த் துண்டுகள்.
ஏதோ குளிர்தேசத்தில் யாரோ
முகம் துடைக்கப் போகிறார்கள்.
அதற்கு முன் எர்ணாவூரில்
வரிசையின் வாலைப் பிடித்து நிற்கவேண்டும்.

முதல் நாள் எதையும் பார்க்கவில்லை,
முன்வண்டியின் பின்விளக்கையும்
அதன்கீழ் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' என்பதையும் தவிர.
இடதுபக்கக் கண்ணாடியில் கடல் இருந்தது.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.
சங்ககிரி மலையடியில் வளர்ந்தவனுக்கு
லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்
கரையாகவே தெரியவில்லை.

இரண்டாம் நாள்
வண்டியைச் சென்னிமலையிடம் விட்டுவிட்டு
சும்மா ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.
வடக்கே சாலை முடிகிற மட்டும் இருபது ரூபாய்.
முகத்துவாரம் என்றான் இறக்கிவிட்டவன்.

அங்கே
ஆறு கடலைத் தள்ளுகிறது
கடல் ஆற்றைத் தள்ளுகிறது
யார் பக்கம் சேர்வதென்று தெரியாமல்
மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.
அக்கரையில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை கட்டிய
புகைபோக்கிகள்
அந்தக் கார்மேகத்தையெல்லாம்
தாங்களே பெற்றதுபோல் நிற்கின்றன.
சாம்பல் படிந்த சதுப்பின்மேல்
ஒரு கூழைக்கடா சிறகை அசைக்காமல் இறங்கி வந்தது,
பாரம் ஏற்றிய வண்டி மலையிறங்குவது போல
அவ்வளவு நிதானமாக.

அடிவயிற்றில் ஏதோ கியர் மாறியது.
நாற்பத்தாறு வயதில்.
கிளட்ச் மிதிக்காமல்.

கழுத்தளவு நீரில் ஒரு பெண்
இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
"எப்பவுமே இப்படித்தானுங்களா இங்க?"
கத்திக் கேட்டேன்.
அவள் பறியைப் பல்லால் கடித்திருந்தாள்.
கண்ணால் மட்டும் என்னை ஒருமுறை அளந்தாள்.
ஓர் இறாலை எடுத்துப் பறிக்குள் போட்டாள்.
மறுபடி துழாவினாள்.
கரையேறியபோது கைமுட்டுவரை சாம்பல்,
சுண்ணாம்பு அடித்த சுவர்போல.
எனக்கு வெட்கமாக இருந்தது.
வெட்கத்தோடேயே
இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூங்கொடி போன் செய்தாள்.
"எங்கிருக்கீங்க?"
"லைன்லதான்."
"குரலு ஒரு மாதிரி இருக்கே?"
"காத்து."

மூன்றாம் நாள் கூண்டு ஏற்றினார்கள், மூன்றாம் எண்.
வானொலியில் சொன்னவருக்கு
அது நேற்றைய குரல்தான், இன்றைய குரல்தான்.
இங்கே
கருங்கல்லைக் கடல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது,
கணக்கு ஒத்துவராமல்
சாலைமேல் தூக்கிப் போட்டது.
மேற்கே மணலி ஆலையின் தீ
காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது.
ஓர் அலை சாலையைத் தாண்டி
என் பெட்டியின் மேலேயே அறைந்தது.
உள்ளே பன்னிரண்டு டன் துண்டு,
உலகத்து ஈரத்தையெல்லாம் துடைக்கத் தக்கது,
மடித்தது மடித்தபடி கிடந்தது.

இரண்டு மணிக்கு வரிசை நகர்ந்தது.
"அண்ணே, எடுங்க."
"ஏர் ஏறலடா."
சென்னிமலை முள்ளைப் பார்த்தான்.
முள் பச்சையில் நின்றது.
என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் மழையில் இறங்கி
பின்னால் ஹாரன் அடித்த நாமக்கல் வண்டிக்கு
முந்திப் போ என்று கைகாட்டினான்.

பதினேழு வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின.
இருபத்தைந்து வருட ஓட்டத்தில்
ஓர் அடி இடத்துக்காகக் கூடப் பிறந்தவனிடமே
சண்டைக்கு நின்றிருக்கிறேன்.
கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன்.
மடியில், ஸ்டியரிங்கில், சாமி படத்தில்,
வேபில் சீட்டில், எல்லாம் கடல்.

விடிந்தபோது முகத்தில் உப்பு பொருக்காயிருந்தது.
பெட்டிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள்,
இல்லாவிட்டால் ஒரு துண்டு உருவியிருக்கலாம்.
உருவியிருக்க மாட்டேன் என்றும் தோன்றியது.

"ஏர் ஏறிடுச்சாண்ணே?" என்றான் சென்னிமலை,
டீயை நீட்டி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.